வேதமும் வாளும் கடன்பத்திரமும்

ஒரு மதம் போரைப் பற்றி என்ன போதிக்கிறது என்னும் வினா, பெரும்பாலும் இரத்தம் சிந்தப்பட்ட பின்னரே எழுகிறது. அமைதியான நாட்களில் அண்டை வீட்டாரின் வேதத்தைப் புரட்டிப் பார்க்க எவருக்கும் ஆவல் உண்டாவதில்லை. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்து, 260க்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். அன்று அந்த வினா நம் மலையகத்தையும் வந்தடைந்தது. அட்டனிலும் நுவரெலியாவிலும் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத் தொழிலாளருக்கு அரிசியும் துணியும் கடனுக்குக் கொடுத்துவந்த முஸ்லிம் வணிகர், ஒரே வாரத்தில் சந்தேகக் கண்களுக்கு இலக்கானார்.

அப்போது படித்தவர்களிடையே இரண்டு விடைகள் வழங்கின. ‘இது அவர்களுடைய வேதத்திலேயே உள்ளது’ என்றனர் ஒரு சாரார். ‘இதற்கும் மதத்துக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை’ என்றனர் மற்றொரு சாரார். முதலாவது விடை பகைமையிலிருந்து பிறந்தது. இரண்டாவது நல்லெண்ணத்திலிருந்து பிறந்தது. ஆயினும் இரண்டுமே, சிந்திக்க வேண்டிய இடத்தில் சிந்தனையை நிறுத்திவிடுகின்றன. மாணவருக்குச் சரித்திரம் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விரண்டில் எதையும் கூறித் தப்பித்துக்கொள்ள இயலாது. ஆகவே இவ்வினாவை அதன் வேரிலிருந்து ஆராய்தல் நம் கடமையாகிறது.

இஸ்லாம் போரைப் பற்றி ஒரே சொல்லில் பேசவில்லை. ஜிஹாத் என்ற அரபுச் சொல்லின் நேர்ப்பொருள் முயற்சி என்பதாகும். மனத்தின் இழிவான ஆசைகளோடு ஒருவன் நடத்தும் போராட்டமும் அதில் அடங்கும். ஆயுதமேந்திய போரும் அதில் அடங்கும். தம்மைத் தாக்குவோரோடு மட்டும் போரிடவும், அதிலும் வரம்பு மீறாதிருக்கவும் கட்டளையிடும் வசனங்கள் திருக்குர்ஆனில் உள்ளன. பகைவரை எதிர்கொள்ளக் கடுமையாக ஏவும் வசனங்களும் உள்ளன. இவற்றுள் எது பொதுவிதி, எது ஒரு குறிப்பிட்ட காலத்துக்கும் களத்துக்கும் உரியது என்பதைப் பற்றி அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக வாதிட்டு வந்திருக்கின்றனர்.

எட்டாம் நூற்றாண்டில் பிறந்த ஷைபானி என்ற சட்ட அறிஞர், வேற்று நாடுகளோடு போரும் உடன்படிக்கையும் செய்யும் முறைகளைத் தொகுத்து எழுதினார். உலகை இஸ்லாத்தின் இல்லமென்றும் போரின் இல்லமென்றும் இரண்டாகப் பிரித்த அக்காலச் சட்டவியலாளர், ஆட்சியை விரிவாக்கும் போரையும் நியாயப்படுத்தினர். இதை மறைப்பதில் பயனில்லை. பேரரசுகள் வளர்ந்த காலத்தில் எழுதப்பட்ட சட்டம் பேரரசின் முத்திரையைத் தாங்கியிருப்பது இயல்பே. ஆனால் அதே சட்டவியலாளர் அப்போருக்கு உறுதியான வேலிகளையும் இட்டனர். போர் அறிவிக்கும் அதிகாரம் ஆட்சித் தலைவருக்கே உரியது. நினைத்தவனெல்லாம் அதை அறிவிக்க இயலாது. பெண்களையும் குழந்தைகளையும் கொல்லலாகாது. மடங்களில் தவம் செய்யும் துறவியரைத் தொடலாகாது. பழமரங்களை வெட்டுவதையும் முதல் கலீபா அபூபக்கர் தடுத்தார் என்று மரபு கூறுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கொர்தோபாவின் இப்னு ருஷ்து, இவ்விதிகள் ஒவ்வொன்றிலும் அறிஞர்கள் எங்கெங்கே மாறுபட்டனர் என்பதைப் பொறுமையாகப் பதிவு செய்தார். ஆகவே நாம் காண்பது முற்றுப்பெற்ற ஒரு கட்டளை அன்று, நீண்டதொரு வழக்கு.

இத்தகைய வழக்கு இஸ்லாத்துக்கு மட்டும் உரியதா? பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவினாஸ், நியாயமான போருக்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தார்: உரிய அதிகாரம், நியாயமான காரணம், நேர்மையான நோக்கம். இஸ்லாமியச் சட்டவியலாளர் எழுப்பிய வினாக்களுக்கு இவை மிக நெருங்கியவை. அவருக்கு முன்பே, 1095இல், பாப்பரசர் இரண்டாம் அர்பன் சிலுவைப் போருக்கு அறைகூவல் விடுத்திருந்தார். 1455இல் பாப்பரசர் ஐந்தாம் நிக்கலஸ் வெளியிட்ட ஆணை, முஸ்லிம்களையும் பிற சமயத்தாரையும் வென்று அடிமைப்படுத்தும் உரிமையைப் போர்த்துக்கல் மன்னனுக்கு வழங்கியது. நம் பக்கத்துக் கணக்கையும் எடுத்துப் பார்ப்போம். போரில் மடிந்தவரை எண்ணிக் கலங்கிய துட்டகைமுனுவுக்கு, இறந்தோரில் ஒன்றரை மனிதரே உண்டென்று துறவிகள் ஆறுதல் கூறியதாக மகாவம்சம் சொல்லுகிறது. எண்ணாயிரம் சமணர் கழுவேறியதைச் சைவ மரபு பெருமையோடு நினைவுகூர்ந்து வந்திருக்கிறது. தன் கையில் இரத்தக்கறை இல்லையென்று காட்டக்கூடிய மரபு அரிது.

போர்த்துக்கீசர் அந்த ஆணையைச் சுமந்துகொண்டு மலபார்க் கரைக்கு வந்தபோது நிகழ்ந்தது கவனிக்கத் தக்கது. பதினாறாம் நூற்றாண்டில் பொன்னானியைச் சேர்ந்த ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூம், ‘துஹ்பத்துல் முஜாஹிதீன்’ என்னும் நூலை அரபு மொழியில் எழுதினார். போர்த்துக்கீசரை எதிர்த்துப் போரிடுமாறு முஸ்லிம்களை அழைக்கும் நூல் அது. அப்போரில் முஸ்லிம்கள் யாருடைய கொடியின்கீழ் நின்றனர்? கோழிக்கோட்டின் இந்து மன்னரான சாமூதிரியின் கொடியின்கீழ்! குஞ்ஞாலி மரைக்காயர்களின் கடற்படை அவருக்காகவே போரிட்டது. வேற்று மதத்து மன்னரின் நாட்டையும் கடலையும் காக்கும் போர் அங்கே ஜிஹாத் எனப்பட்டது.

இலங்கையில் அதே போர்த்துக்கீசர் கரையோர முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் அளித்தான். பலரைக் கிழக்குக் கரையிலே குடியேற்றினான். ‘புனிதப் போர்’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவர் இச்சரித்திரத்தை விளங்கிக்கொள்ள முடியாது. யார் யாரைத் தாக்கினர், எதற்காகத் தாக்கினர் என்று கேட்பவருக்கே அது விளங்கும்.

மேலைநாடுகள் இக்கோட்பாட்டுக்கு எவ்வாறு முகங்கொடுத்தன என்பதை அறிவதற்கு நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அச்சரித்திரத்தின் ஓர் அத்தியாயம் நமது கண்டி மாநகரிலேயே ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தது. எகிப்தின் அகமது ஒராபி பாஷாவையே குறிப்பிடுகின்றோம்.

நைல் நதிப் படுகையில் ஒரு கிராமத் தலைவரின் மகனாக 1841இல் பிறந்த ஒராபி, படையிலே சேர்ந்து கேர்ணலானவர். அவருடைய காலத்து எகிப்து கடனில் மூழ்கியிருந்தது. 1869இல் திறக்கப்பட்ட சுயஸ் கால்வாயில் எகிப்துக்கு இருந்த பங்குகளை 1875இல் பிரித்தானியா நாற்பது இலட்சம் பவுணுக்கு வாங்கிக்கொண்டது. அடுத்து நாட்டின் வரவு செலவையே ஆங்கில, பிரெஞ்சு அதிகாரிகள் மேற்பார்வை செய்யலாயினர். பருத்தி விளைவித்த உழவனின் வரிப்பணம் லண்டனிலும் பாரிசிலும் இருந்த கடன்பத்திரக்காரருக்கு வட்டியாகப் போயிற்று. இதற்கு எதிராகவே ‘எகிப்து எகிப்தியருக்கே’ என்ற முழக்கம் எழுந்தது. 1881 செப்டெம்பரில் ஒராபி தம் படையோடு அரண்மனை முன் நின்று, மக்கள் பிரதிநிதிகளின் சபையைக் கூட்டுமாறு கோரினார்.

1882 ஜூனில் அலெக்சாந்திரியாவில் நிகழ்ந்த கலவரத்தில் ஐம்பது வரையான ஐரோப்பியரும், அவர்களிலும் மிகுதியான எகிப்தியரும் மாண்டனர். அக்கொலைகளை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஜூலை 11ஆம் திகதி ஆங்கிலக் கடற்படை அந்நகரைப் பீரங்கியால் தகர்த்ததை நாகரிகத்தின் செயலென்று எழுதிய கைகள், எதிர்த்து நின்றவர்களை ‘மதவெறியர்’ என்றே எழுதின. அந்த ‘மதவெறியர்’ கெய்ரோவில் கூட்டிய பேரவையில், அல் அஸ்ஹர் உலமாக்களோடு கொப்திக் கிறிஸ்தவரின் தலைமைக் குருவும் யூத மதகுருவும் அமர்ந்திருந்தனர். அன்னியரோடு சேர்ந்துகொண்ட மன்னன் தௌபீக்கின் கட்டளைகளை ஏற்பதில்லையென்று அப்பேரவை தீர்மானித்தது. உலமாக்கள் சிலர் அம்மன்னனுக்கு எதிராகத் தீர்ப்புரை வழங்கினர்.

இங்கேதான் நம் வினாவின் மையம் இருக்கிறது. அதே செப்டெம்பரில், இஸ்லாத்தின் கலீபாவாகிய துருக்கிச் சுல்தான், ஆங்கிலேயரின் வற்புறுத்தலுக்கு இணங்கி, ஒராபியை ‘துரோகி’ என்று அறிவித்தார். ஒரே மதம், ஒரே வேதம், ஒரே சட்டமரபு. ஓர் இடத்தில் அது போராடச் சொல்லுகிறது. மற்றோர் இடத்தில் போராடுபவனைக் குற்றவாளி என்கிறது. தமக்கு உதவும் குரலை ‘உண்மையான இஸ்லாம்’ என்றும், தம்மை எதிர்க்கும் குரலை ‘வெறி’ என்றும் பெயரிட்டவர்கள் மேலைநாட்டார். செப்டெம்பர் 13ஆம் திகதி தெல் எல் கெபீரில் ஒராபியின் படை முறியடிக்கப்பட்டது. அப்போது பிரித்தானியப் பிரதமராயிருந்த கிளாட்ஸ்டன், எகிப்தியக் கடன்பத்திரங்களில் கணிசமான பணம் போட்டிருந்தார் என்பதைப் பிற்காலச் சரித்திர ஆசிரியர் எடுத்துக்காட்டியிருக்கின்றனர்.

மரண தண்டனை விதிக்கப்பெற்று, பின் அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1883 ஜனவரியில் ஒராபி தம் தோழர்களோடு கொழும்பில் வந்திறங்கினார். 1892இல் கண்டிக்குக் குடிபெயர்ந்தார். மன்னிக்கப்பெற்று 1901இல் தாயகம் திரும்பும் வரை அங்கேயே வாழ்ந்தார். அந்த ‘மதவெறியர்’ நம் நாட்டில் என்ன செய்தார்? கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பையோடு சேர்ந்து கல்விக்காக உழைத்தார். 1892இல் கொழும்பு மருதானையில் தொடங்கி, பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலைக்கு அவர் துணை நின்றார். அதே சித்திலெப்பைதான் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கியவர். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை எழுதித் தமிழ் நாவல் இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவரானவர்.

ஒராபி கண்டியில் வாழ்ந்த அவ்வாண்டுகளில்தான் சுற்றிலுமுள்ள மலைகளில் தேயிலை பரவிக்கொண்டிருந்தது. நோயால் அழிந்த கோப்பிக்குப் பதிலாக வந்த தேயிலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளரைக் கொணர்ந்தனர். வழிச்செலவும் முன்பணமும் கடனாக எழுதப்பட்டன. அக்கடனைக் குறித்த ‘துண்டு’ இல்லாமல் தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அம்முறை ஒழிக்கப்பட்டது. எகிப்திய உழவனைக் கடன்பத்திரம் கட்டியது. நம் முன்னோரைத் துண்டு கட்டியது. இவ்விரு கயிறுகளின் மறுமுனையும் லண்டனில்தான் இருந்தது. எதிர்த்து நின்ற எகிப்தியன் ‘மதவெறியன்’ ஆனான். எதிர்த்து நின்ற தோட்டத் தொழிலாளி ‘காடையன்’ ஆனான். கட்டியவனுடைய செயலுக்கு மட்டும் சட்டமென்றும் ஒழுங்கென்றும் பெயர் வாய்த்தது.

பின்வந்த சரித்திரமும் இதனை உறுதிப்படுத்துகிறது. 1914 நவம்பரில் துருக்கிக் கலீபாவின் ஆட்சி, ஜெர்மனியின் தூண்டுதலோடு பிரித்தானியாவுக்கும் அதன் நேச நாடுகளுக்கும் எதிராக ஜிஹாத் அறிவித்தது. கிறிஸ்தவ ஜெர்மனிக்கு நட்பும் கிறிஸ்தவ பிரித்தானியாவுக்குப் பகையுமாக அறிவிக்கப்பட்ட இவ்விநோதப் புனிதப் போரை, ஒல்லாந்து அறிஞர் ஸ்னூக் ஹர்க்ரோன்யே ‘ஜெர்மனியில் செய்யப்பட்ட சரக்கு’ என்று எள்ளி நகையாடினார். முன்பு கலீபாவின் தீர்ப்பைக் கொண்டு ஒராபியை வீழ்த்திய பிரித்தானியாவோ, 1916இல் அதே கலீபாவுக்கு எதிராக மக்காவின் ஷெரீபுக்குப் பொன்னும் துப்பாக்கியும் அனுப்பியது. 1980களில் ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படைகளோடு பொருதிய முஜாஹிதீன்களுக்கு அமெரிக்கா ஆயுதமும் பணமும் வழங்கியது. 1983இல் ஜனாதிபதி ரேகன் அவர்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகையில் வரவேற்றார். பதினெட்டு ஆண்டுகளின் பின், 2001 செப்டெம்பரில், அவருடைய பின்னோன் புஷ் தம் போரைச் ‘சிலுவைப் போர்’ என்றே குறிப்பிட்டார். வேதத்தின் வசனங்கள் இவ்விடைக்காலத்தில் ஒன்றும் மாறிவிடவில்லை. மாறியது அவற்றை உரைத்த போராளி எந்தப் பக்கம் சுட்டான் என்பதே.

இவ்வளவையும் கூறிய பின், ‘அப்படியானால் மதக் கோட்பாட்டுக்குப் பொறுப்பே இல்லையா, எல்லாம் ஏகாதிபத்தியத்தின் சூழ்ச்சிதானா?’ என்று ஒரு மாணவன் கேட்டால், அது நியாயமான கேள்வியே. முற்போக்காளர் பலர் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்கின்றனர். அது தவறு. உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பின் சியோன் தேவாலயத்தில் மாண்ட குழந்தைகள் எந்த ஏகாதிபத்தியத்தின் படைவீரர்? கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் பூசை கண்டுகொண்டிருந்த ஏழை மக்கள் யாருடைய கடன்பத்திரத்தை வைத்திருந்தனர்? ஒடுக்கப்பட்டவனின் கோபத்தைக் காரணங்காட்டி அக்கொலைகளுக்குச் சமாதானம் தேடுவோர், ஒடுக்கப்பட்டவனையே இழிவுபடுத்துகின்றனர். கொலைகாரர்கள் பழைய நூல்களிலிருந்தே சொற்களை எடுத்தனர். அச்சொற்கள் அங்கே இருந்ததனாலேயே எடுக்க முடிந்தது.

ஆனால் அதே நூல்கள் இட்ட வேலிகளைக் கொண்டு அச்செயலை அளந்து பார்ப்போம். போர் அறிவிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருந்ததா? இல்லை. அவர்களைத் தாக்கியோரையா அவர்கள் தாக்கினர்? இல்லை. பெண்களும் குழந்தைகளும் வழிபடுவோரும் காக்கப்பட்டனரா? அவர்களே இலக்காயினர். எனவே அம்மரபின் நீதிமன்றத்திலேயே அவர்கள் குற்றவாளிகளாவர். இதை நாம் மட்டும் கூறவில்லை. 2014இல் உலகின் பல நாடுகளைச் சேர்ந்த 120க்கும் மேற்பட்ட முஸ்லிம் அறிஞர்கள், இஸ்லாமிய அரசு எனத் தன்னை அழைத்துக்கொண்ட இயக்கத்தின் தலைவனுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, அதன் செயல்களை அம்மரபின் ஆதாரங்களாலேயே மறுத்தனர். 2019இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, குண்டுதாரிகளின் உடல்களை ஏற்று அடக்கம் செய்ய மறுத்தது. 1860இல் திமிஷ்கு நகரில் கலவரக்காரர் கிறிஸ்தவரைக் கொல்லத் தொடங்கியபோது, பல்லாயிரவரைக் காத்து நின்றவர் அமீர் அப்துல் காதிர். பிரெஞ்சுக்காரரை எதிர்த்து அல்ஜீரியாவில் பதினைந்து ஆண்டுகள் ஜிஹாத் நடத்தியவரும் அவரே. அவருடைய வாளையும் கருணையையும் ஒரே சட்டமே ஆண்டது.

இனி மலையகத்தை நோக்கித் திரும்புவோம். இம்மலைநாட்டில் மதத்தின் பேரால் முஸ்லிம்களுக்கு எதிராக நிகழ்ந்த பெரும் வன்செயல்கள் இரண்டை எண்ணிப் பாருங்கள். 1915இல், கம்பளையில் பள்ளிவாசலைக் கடந்து செல்லும் பெரஹரா பற்றிய வழக்கின் பின்னணியில், வெசாக் இரவன்று கண்டியில் தொடங்கிய கலவரம் நாடெங்கும் பரவியது. 2018 மார்ச்சில் திகனையில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. இரண்டிலும் ஜிஹாத் இல்லை. இரண்டிலும் முஸ்லிம்கள் தாக்கப்பட்டவர்கள். ஆயினும் 2019இன் பின் ஒரு சமூகம் முழுவதுமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது. ஹசலகையில் ஓர் ஏழை முஸ்லிம் பெண் உடுத்திய ஆடையில் இருந்த கப்பற் சுக்கானின் படத்தைத் தர்மச் சக்கரம் என்று கூறி, அவரைச் சிறையிலடைத்தனர். தமிழில் கவிதை எழுதிய இளம் ஆசிரியர் அஹ்னாஃப் ஜஸீம், ‘நவரசம்’ என்னும் தம் நூல் தீவிரவாதத்தைப் பரப்புகிறதென்ற குற்றச்சாட்டில் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதானார். அக்கவிதைகள் வன்முறையை எதிர்ப்பவை என்று அவற்றைப் படித்தவர்கள் கூறினர். ஓராண்டுக்கு மேல் சிறையிலிருந்த அவரை, 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் குற்றமற்றவரென விடுதலை செய்தது.

அந்தச் சட்டத்தை மலையகம் நன்கு அறியும். 1979இல் இயற்றப்பட்ட அதன்கீழ், தமிழர் என்ற ஒரே காரணத்தால் சந்தேகிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் சிறையிலிருந்த தோட்டத்து இளைஞர் எத்தனை பேர்! சிலருடைய செயலுக்காக 1977இலும் 1983இலும் லயங்கள் எரிந்ததை மறந்தோமா? ஒரு சமூகத்தின் சொற்களைப் படிக்கத் தெரியாதவன் கையில் அச்சமூகத்தைத் தண்டிக்கும் அதிகாரம் இருந்தால் என்ன நேரும் என்பதை நாம் புத்தகத்திலிருந்து அறிந்துகொள்ள வேண்டியதில்லை.

மேலும், முஸ்லிம் உலகின் போர்கள் நமக்குத் தொலைவானவையும் அல்ல. நம் பெண்கள் கொய்யும் கொழுந்தைப் பெருமளவில் வாங்குவோர் ஈராக்கியர், துருக்கியர், ஈரானியர், லிபியர். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்காக இலங்கை பட்ட 25 கோடி டொலர் கடனை, மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையால் தீர்ப்பதென்று 2021 டிசெம்பரில் உடன்பாடு செய்யப்பட்டது. பக்தாதில் குண்டு விழும்போது அட்டனில் தேயிலை விலை அசைகிறது. அந்நாடுகளின் வீடுகளில் பணிசெய்யப் போன நம் சகோதரிகளும் அக்குண்டுகளின் நிழலிலேயே உறங்குகின்றனர்.

ஆகவே ஆசிரியத் தோழர்களே, ‘இஸ்லாம் போரைப் போதிக்கிறதா?’ என்று வகுப்பறையில் ஒரு மாணவன் கேட்கும்போது ஆம் என்றோ இல்லை என்றோ கூறி அவனை அமர்த்திவிடாதீர்கள். அவனிடமே மூன்று வினாக்களைக் கொடுங்கள். இந்தப் போரை அறிவிக்கும் அதிகாரத்தை இவர்களுக்கு யார் கொடுத்தார்? இதனால் இலாபம் அடைபவர் யார்? இதில் சாகப்போகிறவர் யார்? ஷைபானியின் சட்டத்தையும் அக்குவினாஸின் நிபந்தனைகளையும் பாப்பரசரின் ஆணையையும் மகாவம்சத்தின் ஆறுதலையும் அவன் இம்மூன்று வினாக்களால் அளக்கட்டும். கெய்ரோவின் மதவெறியன், பக்தாதின் விடுதலை, நம் நாட்டின் பயங்கரவாதத் தடை ஆகிய அதிகாரத்தின் சொற்களையும் அதே அளவுகோலால் அளக்கட்டும். அளவுகோலை எவருக்காகவும் நீட்டவோ குறுக்கவோ வேண்டாமென்று மட்டும் அவனுக்குச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே, கடைத்தெருவிலே, சந்தேகக் கண்களுக்கு நடுவே கடையைத் திறந்து வைத்திருக்கும் முஸ்லிம் வணிகரின் மகனும் அதே வகுப்பில்தான் அமர்ந்திருக்கிறான். அவனும் இவ்வினாக்களைக் கேட்கத் தகுதியுடையவன். அவற்றுக்குத் தனியனாய் விடை சொல்லும் சுமையை மட்டும் அவன்மேல் நாம் ஏற்றலாகாது.